கூலிங்கின் கல்யாணமும் வினைச்சொல் வாரியமும்

என் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தை உற்றுப் பார்த்தீர்களானால், எனக்கு முடி வெட்ட அனுமதி இல்லை என்பது தெரியும். 'ட்ரிம்' செய்ய மட்டுமே அனுமதி. நான் விண்ணப்பித்தது என்னவோ வெட்டுவதற்குத்தான். ஆனால் 'கட்' என்ற இங்கிலீஷ் வினைச்சொல் நேற்றும் கட், இன்றும் கட், செய்து முடித்தாலும் கட். எந்தக் காலத்திலும் முகம் மாறாதவன் எதையோ மறைக்கிறான் என்பது வினைச்சொல் வாரியத்தின் கருத்து. ஆகவே ட்ரிம், ட்ரிம்டு, ட்ரிம்மிங். மொட்டை அடிக்க வருகிறவருக்கும் நான் ட்ரிம்தான் செய்கிறேன். கொஞ்சம் ஆழமாகச் செய்கிறேன், அவ்வளவுதான்.

வாரியத்தைப் பற்றித் தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எந்தக் காரியத்துக்கு அரசு முத்திரை வேண்டுமானாலும், அந்தக் காரியத்துக்குரிய இங்கிலீஷ் வினைச்சொல்லை எல்லாக் காலங்களிலும், ஆணை, நிபந்தனை என எல்லா மனநிலைகளிலும் பிசகாமல் சொல்லிக்காட்ட வேண்டும். ஜனங்கள் சொன்ன சொல் தவறுவதற்குக் காரணம் அவர்களுடைய காலங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதுதான் என்று வாரியத் தலைவர் ஒரு வெளிநாட்டுப் பயணத்தில் கண்டுபிடித்தார். போனவர் வேறு எதையாவது கண்டுபிடித்திருக்கலாம். எங்கள் தலையெழுத்து.

இதில் ஒழுங்கு வினைகளுக்கு மட்டுமே இடம். எல்லாருக்கும் வாலில் ஒரே மாதிரி 'டு' ஒட்ட வேண்டும். 'டிரைவ்' என்ற சொல் நேற்றைக்கு 'ட்ரோவ்' ஆகிவிடுகிறது. பெயரை மாற்றிக்கொண்டு திரிகிறவனை நம்பலாமா? அதனால் ஓட்டுநர் உரிமம் முழுவதும் 'பார்க்' என்ற சொல்லில்தான் வழங்கப்படுகிறது. சட்டப்படி எங்கள் ஊரில் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. நிறுத்தியபடியே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறார்கள். 'பார்ன்' ஒழுங்கற்றது என்று தெரிந்ததும் பிறப்புப் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். என் சின்ன மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், இன்னும் பிறக்கவில்லை.

நல்லவேளையாக, 'மேரி' ஒழுங்கு வினை. மேரி, மேரீட், மேரியிங். கல்யாணம் செய்துகொள்ள இந்த ஊரில் வழி இருந்தது. அந்த வழியாகத்தான் என் கொழுந்தியாளையும் கூலிங்கையும் ஒரு புதன்கிழமை நான் கூட்டிக்கொண்டு போனேன்.

கொழுந்தியாளை வீட்டில் 'ஊசி' என்போம். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. குத்தியது தெரியாமல் குத்துவாள். பேச்சு மட்டும் நன்றாகத் தெரியும்படி குத்தும். பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினாள். தலையில் நரை எட்டிப்பார்க்கிற வயதுவரை தனியாகவே இருந்துவிட்டாள், சந்தோஷமாகவும் இருந்தாள். கூலிங் என்று நாங்கள் கூப்பிடும் மாப்பிள்ளை, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். லேபில் ரத்தப் பைகள் வைக்கும் ஃப்ரிட்ஜைச் சரிபார்க்க ஒருமுறை போனான். அதன்பிறகு, ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்த ஃப்ரிட்ஜை வாராவாரம் போய் ரிப்பேர் பார்த்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. பிறகு கண்டுகொண்டாள், ஆனால் முடியாது என்றாள். மறுபடியும் முடியாது என்றாள். போன மாதம், ஏனோ தெரியவில்லை, சரி என்றாள்.

"ஆனா ஒண்ணு மாமா," என்று என்னிடம் அன்று காலை சொன்னாள். "லேப்ல ஒரு நாள்தான் லீவு குடுத்திருக்காங்க. இன்னைக்கு முடியலன்னா விட்டுடலாம். இதுக்குன்னு இன்னொரு லீவெல்லாம் என்னால எடுக்க முடியாது."

சொன்னால் சொன்னதுதான். கூலிங்கின் முகம் வெளிறியது. என் வீட்டுக்காரி என்னை அடுக்களைக்குள் இழுத்துப்போய், "ஏங்க, இவ மறுபடி சரின்னு சொல்றதுக்கு நான் உசுரோட இருப்பேனோ மாட்டேனோ. முடிக்காம வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க," என்றாள். இப்படியாக நான் சாட்சி ஆனேன்.

வாரியக் கட்டடத்தில் இறந்தகாலம் தரைத்தளத்தில் இருக்கிறது. ஈரச்சுவர், குண்டு பல்பு, மூலையில் உடைந்த நாற்காலிகளின் குவியல். அங்கிருந்த எழுத்தர் ஓய்வு பெறும் வயதைத் தாண்டிவிட்டவர். ஓய்வு பெறுவது எதிர்காலப் பிரிவின் பொறுப்பு என்பதால் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"சொல்லுங்க," என்றார்.

கூலிங் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐ மேரீட்," என்றான்.

எழுத்தரின் பேனா நின்றது. "யாரை?"

"இவங்களை சார்."

"எப்போ?"

"இன்னும் இல்ல சார். இனிமேதான்."

"இனிமேன்னா மாடிக்குப் போகணும். இங்க வந்து மேரீட்னு சொன்னா, நடந்து முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஒண்ணு முடிஞ்சவருக்கு இன்னொண்ணு நடத்த சட்டத்துல எடமில்ல. விவாகரத்துத் தீர்ப்போட நகல் கொண்டுவாங்க."

"யார்கிட்ட இருந்து சார் விவாகரத்து?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்? மேரீட்னு நீங்க சொன்னீங்களா, நான் சொன்னேனா?"

கூலிங்குக்கு வியர்த்துவிட்டது. குளிர்ச்சியைத் தொழிலாகக் கொண்டவன் அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. "அப்போ 'டிட் நாட் மேரி'ன்னு சொல்லட்டுமா சார்?" என்றான்.

"எதிர்மறை செவ்வாயும் வியாழனும் மட்டும். போர்டு மாட்டியிருக்கு பாருங்க."

ஊசி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மாமா, நான் அப்படியே லேபுக்குக் கெளம்பட்டுமா? பாதி நாள் லீவாவது மிஞ்சும்."

வீட்டுக்காரியின் முகம் கண்முன் வந்தது. "ஐயா," என்று முன்னால் போய் நின்றேன், "எனக்கு ஏற்கெனவே ஆயிருக்கு. இவருக்குப் பதிலா நான் சொல்லலாமா?"

எழுத்தர் தடித்த விதிப் புத்தகத்தைப் புரட்டி, 'இறந்தகால அனுபவமுள்ள சாட்சி' என்று ஓரிடத்தில் விரல் வைத்தார். "சொல்லுங்க."

"ஐ மேரீட்."

"உணர்ச்சி போதல. இன்னொரு தடவ."

"ஐ மேரீட்," என்றேன், வாழ்க்கை முழுவதையும் நினைத்துக்கொண்டு. "ஐ வாஸ் மேரியிங். ஐ ஹாட் மேரீட்."

அவர் என்னை நீண்ட நேரம் பரிவோடு பார்த்தார். "நானும்தான்," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

முதல் மாடியில் நிகழ்காலப் பிரிவு. மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, நாற்காலியின் முதுகில் ஒரு கோட்டு மாட்டியிருந்தது. அதிகாரி இல்லை. பியூன் மட்டும் இருந்தார்.

"சார் இப்பதான் இருந்தாரு," என்றார். "இப்ப வந்துடுவாரு. இப்பன்னு நீங்க கேக்கறப்போதான் இல்ல."

"ஐ அம் மேரியிங்கு, அவ்வளவுதானேண்ணே? சொல்லிட்டுப் போறோம். நீங்க கேட்டுக்குங்க," என்றான் கூலிங்.

"சும்மா சொன்னா ஆச்சா? இது தொடர் வினை. அதிகாரி பாக்கறப்போ நடந்துக்கிட்டே இருக்கணும். சுற்றறிக்கைப்படி ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கணும். நடுவுல விட்டுட்டீங்கன்னா அது 'வாஸ் மேரியிங்' ஆயிடும். அப்புறம் கீழ போய் முதல்லேருந்து வரணும்."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டார்கள் என்பது பெரிய வார்த்தை. கூலிங் தன் கையைப் பெஞ்சின் மேல் வைத்தான். ஊசி அதைச் சாம்பிள் வாங்குவதுபோல எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவன் அவள் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் 'இக்கணமே செயல்படு' என்று ஒரு பழைய சுவரொட்டி கிழிந்து தொங்கியது.

நேரம் போயிற்று. பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெயின்டர் சுவரே இல்லாமல் பிரஷை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வினை 'பெயின்ட்'. அவருக்கு அடுத்தவர் சமையல்காரர், காலிச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவர்கள் நேற்றிலிருந்து அங்கே இருப்பதாகப் பியூன் சொன்னார். மதியம் நான் டீ வாங்கிவந்தேன். கையை விடக்கூடாது என்பதால் இருவரும் ஆளுக்கொரு கையால் குடித்தார்கள்.

ஊசியின் விரல் பழக்கதோஷத்தில் அவன் மணிக்கட்டுக்கு நகர்ந்தது. "பல்ஸ் ஏன் இப்படி ஓடுது?" என்றாள்.

"காலையிலேர்ந்து அப்படித்தாங்க ஓடுது."

"உடம்புக்கு ஏதாவது?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் விரலை எடுக்கவும் இல்லை. இந்தப் பாழாய்ப்போன வாரியத்தால் விளைந்த ஒரே நன்மை என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டிய அதிகாரியைத்தான் காணோம். கடைசியில் அவர் கோட்டை எடுத்துப்போக வந்தார். போகிறபோக்கில் எங்கள் மூவரையும், பெயின்டரையும், சமையல்காரரையும் ஒரே பார்வையில் பார்த்து எல்லார் தாளிலும் முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டார். பெயின்டர் பழக்கத்தில் இன்னும் பிரஷை ஆட்டிக்கொண்டேதான் படியிறங்கினார்.

எதிர்காலப் பிரிவு இரண்டாம் மாடி. ஜன்னல்கள் பெரிது, காற்று வருகிறது, விசிறிகள் சுற்றுகின்றன. கட்டடத்திலேயே அதிகக் கூட்டம் அங்கேதான். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். சாலை வரும், குழாயில் தண்ணீர் வரும், வேலை வரும் என்று ஒலிபெருக்கி 'வில்' போட்டு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கிருந்த இளம் அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். வேறெந்த மாடியிலும் எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"'வில் ஹாவ் மேரீட்' சொல்லணும். அதுக்குத் தேதி வேணும். எந்தத் தேதிக்குள்ள கல்யாணம் பண்ணி முடிச்சிருப்பீங்க?"

"இன்னைக்கு," என்றாள் ஊசி.

"இன்னைக்கு எதிர்காலத்துல வராதே மேடம்."

"அப்போ நாளைக்குன்னு போட்டுக்குங்க. ஆனா நாங்க இன்னைக்கு முடிச்சுட்டுப் போயிடுவோம்."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "தாராளமா போட்டுக்கறேன். நீங்க தேதியைப் பத்திக் கவலைப்படவே வேண்டாம். இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்க குறிச்ச தேதியில எதுவும் நடந்ததே கிடையாது. அதுல ரொம்ப கண்டிப்பா இருக்கோம்."

ஆணை மனநிலையைத் தலைவரே நேரில் சோதிக்கிறார். கட்டளையிடும் சொல்லைக் கண்ட எழுத்தரிடமெல்லாம் விட்டால் அவர்களும் கட்டளையிடப் பழகிவிடுவார்கள் என்ற பயம். அவருடைய அறையில் ஏசி இருந்தது. கூலிங் உள்ளே நுழைந்ததும் தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டு, "கேஸ் கம்மியா இருக்குண்ணே," என்று என் காதில் சொன்னான்.

தலைவர் எழுந்து நின்றார். எதிரில் மூன்று பேர் இருந்தாலே அவருக்கு அது பொதுக்கூட்டம்தான்.

"அன்பார்ந்த குடிமக்களே! இந்த வாரியம் தொடங்கப்பட்டது. யாரால் என்று கேட்கிறார்கள். தொடங்கப்பட்டது, அவ்வளவுதான். தொடங்கப்பட்ட நாள் முதலாக முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. சில தவறுகளும் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒன்றை நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன், அந்தத் தவறுகளை நாங்கள் யாரும் செய்யவில்லை! அவை செய்யப்பட்டன! எங்களைக் குறை சொல்பவர்கள், வாரியம் ஒரு வேலையும் செய்வதில்லை என்கிறார்கள். செய்தால் அந்த வேலை ஒருமுறைதான் நடக்கும். நாங்களோ அதை எல்லாக் காலங்களிலும் சொல்லவைக்கிறோம். ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டால் பிறகு எங்களுக்கு இங்கே என்ன வேலை?"

மேசையைத் தட்டினார். நாங்கள் கைதட்ட வேண்டும் என்று உதவியாளர் சைகை காட்டினார். தட்டினோம்.

"இப்போது மணமகள் மணமகனைப் பார்த்து ஆணையிடட்டும். ஒரே சொல். அதிகாரம் தெரிய வேண்டும். என்னைப்போல."

ஊசிக்கு இதில் பயிற்சி தேவைப்படவில்லை. ரத்தம் கொடுக்க மறுத்து முரண்டு பிடிக்கும் பயில்வான்களை உட்காரவைக்கும் குரல் ஒன்று அவளிடம் உண்டு. அந்தக் குரலில், "மேரி!" என்றாள்.

கூலிங் விறைத்து நின்றான். தலைவர் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்து முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டார். பிறகு சுதாரித்து, சட்டையை இறக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மிச்சமிருந்தது மேல்மாடி. நிபந்தனைப் பிரிவு. அங்கே போகும் படிக்கட்டில் எதிரே இறங்கிவந்த ஜோடிகள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. இன்னும் ஒரு முத்திரைதானே என்ற மிதப்பில் இருந்தேன்.

அந்தப் பிரிவின் அதிகாரி ஐம்பதைத் தொடும் ஒரு பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே பேசினார். முன்னால் கணினி. எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. கல்யாணத்துக்குப் பதிந்தவர்கள் அடுத்த வருஷம் புதுப்பிக்க வர வேண்டும் என்பதால், ஆன ஜோடிகளும் ஆகாத ஜோடிகளுமாக நின்றார்கள்.

"முழு வாக்கியம் சொல்லணும்," என்றார். "'இவர் வராமல் போயிருந்தால், நான் இன்னாரை மேரி பண்ணியிருப்பேன்.' இங்கிலீஷ்ல. 'கம்' ஒழுங்கற்ற வினை, அதைச் சொல்லாதீங்க. 'ஹாட் நாட் அரைவ்டு'. இன்னார்ங்கற எடத்துல ஒரு ஆளச் சொல்லணும். மொதல்ல பொண்ணு."

ஊசி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இஃப் ஹீ ஹாட் நாட் அரைவ்டு, ஐ வுட் ஹாவ் மேரீட் எங்க ஆஸ்பத்திரி பல் டாக்டர்."

அதிகாரி தட்டச்சு செய்தார். கூலிங்கின் வாய் திறந்தது.

"யாரு, அந்த ரெண்டாவது மாடி பல் டாக்டரா?"

"ஆமா."

"அவரு ரூமுக்கு நான்தாங்க ஏசி மாட்டினேன்!"

"அதுக்கு இப்ப என்ன?"

"ஒரு பைசா கூலி வாங்கலீங்க. நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

"அவருக்கு இது எதுவுமே தெரியாது. கேட்டாங்க, வாயில வந்த ஆளச் சொன்னேன். மனசுல வச்சிருந்தா நாலு பேர் கேக்க இப்படிச் சத்தமாவா சொல்லுவேன்?"

"வாயில ஏன் அவரு வந்தாரு?"

"வேற யாரு வரணும்? நோயாளிங்களா?"

நான் குறுக்கே புகுந்தேன். "தம்பி, இது ஃபார்மாலிட்டி. விடு. நீ உன் வாக்கியத்தச் சொல்லு, போய்க்கிட்டே இருக்கலாம்."

அவன் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எனக்கு யாருமில்ல மேடம்," என்றான்.

"காலியா விடக்கூடாது."

"நெசமாவே யாருமில்ல மேடம்."

"அப்போ நிராகரிக்கணும். விதி என்ன சொல்லுதுன்னா, மாற்று ஆள் இல்லாதவர் தேர்ந்தெடுக்கல. தேர்ந்தெடுக்காதவர் கட்டாயத்துல பண்றார். கட்டாயக் கல்யாணம் குற்றம். போன வாரம் இப்படித்தான் ஒருத்தர போலீஸ்ல ஒப்படைச்சோம். அவரோட சம்சாரமே வந்து கூட்டிட்டுப் போனாங்க."

இதைவிட மோசமாக எதுவும் ஆகாது என்று நினைத்தேன். ஆயிற்று. ஊசி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"ஒருத்திகூடவா இல்ல?" என்றாள். "ஒரு பொண்ணு, ஒரே ஒரு பொண்ணு? அப்போ வேற யாரும் கெடைக்கலன்னுதான் வாராவாரம் வந்து அந்த ஃப்ரிட்ஜ நோண்டுனீங்களா?"

"அப்படி இல்லீங்க."

"நான்கூட ஏதோன்னு நெனச்சேன். நீ போறதுக்கு வேற எடமே இல்லாம இருந்திருக்க."

'நீங்க' என்பது 'நீ' ஆகிவிட்டது. ஊசி கைப்பையைத் தோளில் மாட்டினாள். "மாமா, நான் லேபுக்குப் போறேன். அக்காகிட்ட நான் பேசிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் நில்லும்மா! டேய், எவளாவது ஒருத்திய சொல்லித் தொலையேன்டா! சினிமா நடிகைய சொல்லு! இதோ இந்த மேடத்த சொல்லு!" என்று நான் கத்தினேன். அதிகாரி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். வரிசை முழுக்க எங்களையே பார்த்தது.

கூலிங் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கம்ப்ரஸர் ஏன் ஓடவில்லை என்று யோசிக்கும்போது இருப்பானே, அப்படி இருந்தான். பிறகு கவுன்டரைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தேடிச் சொன்னான்.

"இஃப் ஷீ ஹாட் நாட் அரைவ்டு... ஐ வுட் ஹாவ் மேரீட்... ஹெர்."

"ஹெர்னா யாரு?"

"அவங்கதான் மேடம். அதோ படியில எறங்கப் போறாங்களே, அவங்க."

"அவங்கதான் வரலைன்னு வாக்கியத்துல சொல்லிட்டீங்களே. வராதவங்கள எப்படிக் கட்டுவீங்க?"

"அவங்க வரலன்னா என்ன மேடம், நான் போயிருப்பேன்."

"'கோ' ஒழுங்கற்ற வினை."

"அப்போ நடந்திருப்பேன் மேடம். வாக்டு. ஐ வுட் ஹாவ் வாக்டு. அவங்க எந்த ஊர்ல இருந்தாலும் அங்க ஏதாவது ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆகியிருக்காதா? நான் வேற யாரையும் யோசிச்சதில்லன்னா, யாரும் கெடைக்கலன்னு இல்ல மேடம். தேடவே இல்ல. அவங்க முடியாதுன்னு சொன்னப்போகூட நான் வேற எங்கயும் தேடல. அவங்க மறுபடி எப்ப முடியாதுன்னு சொல்லுவாங்கன்னுதான் போய்க்கிட்டே இருந்தேன்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பேசி முடித்துவிட்டு, ஏதோ பொருளை உடைத்துவிட்டவனைப்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் நின்றிருந்தது. பிறகு திரும்பி வந்தது. ஊசி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கண் கலங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

"எவ்வளவு தூரம் நடந்திருப்பீங்க?" என்றாள்.

"தெரியலீங்க. நீங்க எங்க இருந்திருப்பீங்களோ, அது வரைக்கும்."

அவள் தானாகவே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை.

"இது செல்லாதுங்க," என்றார் அதிகாரி. ஆனால் குரலில் பழைய கண்டிப்பு இல்லை. "ஒரே ஆள் வாக்கியத்தோட ரெண்டு பக்கமும் வரக்கூடாது. விதி..."

விதியை யாரும் கேட்கவில்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு கான்ட்ராக்டரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் கணவரின் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "போன வருஷம் நீங்க யாரோ ஒருத்தியச் சொன்னீங்களே. என்னைச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?" என்றாள்.

"அவன் லூசுடி. அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுன்னு மேடமே சொல்றாங்க பாரு."

"சொல்லக் கூடாதா, தோணலையா?"

அவ்வளவுதான். தீ பிடித்ததுபோல வரிசை நெடுகப் பரவியது. "நீ மட்டும் யாரைச் சொன்ன?", "அந்த பேங்க் மேனேஜரா? அவன் செத்தே போயிட்டானே!", "செத்தவன்னுதான்டா சொன்னேன், உனக்குப் பொறாம வரக்கூடாதுன்னு!" என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். புதிதாகப் பதிய வந்த ஒரு பெண், மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தாள். சத்தத்தில் நிபந்தனைப் பிரிவின் ஜன்னல்கள் அதிர்ந்தன.

இத்தனைக்கும் நடுவில் அதிகாரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து செல்போனை எடுத்து, எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க, நான்தான். இல்ல, ஒண்ணுமில்ல, ஆபீஸ்லேர்ந்துதான் பேசறேன். சும்மா ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் வந்திருக்கலன்னு வச்சுக்குங்க. நீங்க யாரைக் கட்டியிருப்பீங்க?" கொஞ்ச நேரம் கேட்டார். "இல்ல, திடீர்னு கேக்கல. இத்தன வருஷமா எல்லாரையும் கேட்டுட்டுதான் இருக்கேன், உங்களத்தான் கேட்டதில்ல. யோசிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் கணவர் யோசித்தார் போலிருக்கிறது. அந்த இடைவெளியில் ஊசி தாள்களை அவருக்கு முன்னால் நகர்த்தினாள், நரம்பைத் தேடும்போது கையை நகர்த்துவாளே அந்த நிதானத்தோடு. அதிகாரியின் இடது கை போனைப் பிடித்திருந்தது. வலது கை, அது பாட்டுக்கு, முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, தாளில் குத்தியது. எந்த நிபந்தனையும் இல்லாத, நல்ல, கருப்பான, நடுவில் விழுந்த முத்திரை.

"ஓடுங்க," என்றேன் நான்.

இருவரும் கையை விடாமலே ஓடினார்கள். சண்டைக்கு நடுவில் புகுந்து, படிகளில் தடதடவென்று இறங்கினார்கள். எங்கோ கீழே ஊசி சத்தமாகச் சிரிப்பது கேட்டது. சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்காக நான் மட்டும் கவுன்டரில் நின்றேன். பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தேன், நாக்கில் தொட்டுப் பார்த்தேன்.

"காலியா விடக்கூடாதுங்க," என்று அதிகாரி போனில் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் பாகாய்க் குழைந்திருந்தது. பாவம், கூலிங் சொன்ன அந்தப் பதில் அவருக்கும் வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. எனக்கே இருந்தது. "பரவால்ல, மனசுல பட்டதச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்து மூக்கு நுனியில் போட்டுக்கொண்டார். என் கையிலிருந்த எழுதாத பேனாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கணினியின் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரி," என்றார், அலுவலகக் குரலில். "ஸ்பெல்லிங் சொல்லுங்க."